முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

"திறந்துதானே கிடக்கிறேன், வெளியே வாயேன்டி!" என்று கூண்டுக் கதவு கெஞ்சியது.

சொக்கிக் கிளி அசையவில்லை. முந்தைய வீட்டில் கதவு திறந்தால் ஒரு கை உள்ளே வரும். லபக்கென்று பிடித்து, வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் நிறுத்தி, "பேசு, பேசு" என்று உலுக்கும். அந்தப் பயத்திலேயே சொக்கி தன் நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டிருந்தது.

இந்த வீட்டு ஜெசிந்தா, வளர்த்தவர்கள் வேண்டாமென்று தள்ளிய கிளிகளுக்காகவே வாழ்கிறவள். தினமும் காலையில் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். மறந்தும் திரும்ப மாட்டாள்.

"என்னைப் பார்க்கக்கூட அவளுக்கு மனசில்லை," என்றது சொக்கி.

"அடி அசடே! கண்ணால் பார்த்தாலே நீ நடுங்குகிறாய் என்றுதான் அப்படி உட்காருகிறாள்," என்றது கதவு.

ஒருநாள் அவள் வெங்காய விலை படித்துக்கொண்டிருந்தபோது, சொக்கி தாவி அவள் தோளில் உட்கார்ந்தது. ஜெசிந்தாவின் குரல் லேசாகத் தடுமாறியது. கை மட்டும் எழவில்லை.

சொக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. விருட்டென்று கூண்டுக்குள் ஓடிக் காத்திருந்தது. கை வரவில்லை. கதவும் மூடவில்லை. ஜெசிந்தா அதே வெங்காய விலையைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

சொக்கி மறுபடி தோளுக்கு வந்தது. அவள் காதோரத்து நரைமுடி ஒன்றை அலகால் எடுத்து, நோகாமல் கோதிவிட்டது. வெகுகாலமாகப் பிடுங்க மட்டுமே தெரிந்திருந்த அலகு அது.