ரிவர்ஸில் ஒரு கம்பு

"ஏலே, அந்தக் கம்பு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு? போன தடவையும் அதையே இடிச்ச, இன்னைக்கும் அதையே இடிக்கிற!"

கர்ணன் கத்தியதில், லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுருளி காரிலிருந்து இறங்கி, சாய்ந்து கிடந்த கம்பை நிமிர்த்தி நட்டுவிட்டு வந்தான். அதற்குள் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"பெயிலாண்ணே?"

"இல்ல, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகச் சொன்னாக. கேள்வியப் பாரு!"

கர்ணன் கம்பம் ஊரில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்ததிலிருந்து சுருளியைப் போல வண்டி பழகியவன் யாருமில்லை. தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போலக் கிளட்ச்சை விடுவான். சந்தை நாளில் காய்கறி லாரிகளுக்கு நடுவே ஒரு கீறல் படாமல் காரை ரிவர்ஸிலேயே எடுத்துவருவான். அப்படிப்பட்டவன் இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது மட்டும் கம்பை இடிக்கிறான்.

தேனியிலிருந்து திரும்பும் வழியில் சுருளிதான் ஓட்டினான். வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவுக்கு ராட்டினத்தை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் கர்ணன், "ஓரங்கட்டு" என்றார்.

"கண்ணாடியப் பாத்துக்கிட்டேதான இடிச்ச? நான் பாத்தேன்டா."

சுருளி ஸ்டியரிங்கை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாயத் தொறந்து பேசு. என் ஸ்கூல் பேரு நாறுது. தங்கபாண்டி அண்ணாச்சி இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் உனக்காக ஜீப்ப நிறுத்தி வச்சிருக்காரு. அப்புறம் வேற ஆளப் போட்டுருவாரு. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும்ணே. ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டு மலையேறுற ஜீப்ப ஓட்டணும்னு சின்னப் பிள்ளையிலருந்தே ஆசண்ணே."

"அப்புறம் என்ன கேடு?"

"எங்கம்மா வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி நேந்துருக்குண்ணே. நான் எல்.எல்.ஆர். போட்ட அன்னைக்கே மஞ்சத்துணியில காச முடிஞ்சு சாமி படத்துல கட்டிருச்சு."

"எதுக்குன்னு உங்கிட்டச் சொன்னாகளா?"

"வேண்டுதலு பலிக்கிறதுக்கு முன்னாடி வெளிய சொல்லுவாகளாண்ணே? ஆனா இது கூடவா தெரியாது? மகன் லைசென்ஸ் வாங்கணும்னுதான்." அவன் குரல் இறங்கியது. "அம்மாவுக்குச் சர்க்கரண்ணே. உள்ளங்கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. செருப்பில்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாதுன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாக. இந்தக் கத்திரி வெயில்ல, தார் ரோட்டுல, தீச்சட்டியத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட நடந்துச்சுன்னா காலையே எடுக்க வேண்டியதுதான். நான் பாஸானாத்தான அது சட்டி எடுக்கணும்? திருவிழா முடியட்டும்ணே."

"கிறுக்குப் பயலே, அதுக்குள்ள ஜீப்பு போயிருமேடா."

"போனா இன்னொரு ஜீப்பு வரும்ணே. காலு வருமா?"

கர்ணன் வண்டியை எடுக்கச் சொன்னார். கம்பம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். நேர்த்திக்கடனை மாற்றிக்கொள்வது ஊரில் இல்லாத வழக்கமா? சட்டிக்குப் பதிலாக மாவிளக்குப் போடலாம். சுருளியின் அம்மாவை மட்டும் சம்மதிக்க வைத்துவிட்டால், அடுத்த வாரமே பயல் கம்பைத் தொடாமல் ரிவர்ஸ் எடுத்துவிடுவான். ஜீப்பும் கைக்கு வந்துவிடும்.

சாயங்காலம் கம்பம்மெட்டு மலையிலிருந்து தோட்ட ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. உள்ளே பெண்கள் மடிமேல் மடியாக நெருக்கி உட்கார்ந்திருக்க, பின்னால் நாலு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஜீப்பிலிருந்து சுருளியின் அம்மா சங்கிலியம்மாள் தூக்குவாளியோடு இறங்கினாள். வலது காலில் துணிக்கட்டு. செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

"என்ன தம்பி, இங்கன நிக்கிறீக? என் மகன் பரிச்சை என்னாச்சு?"

"இன்னைக்கும் கம்ப இடிச்சுட்டான்க்கா."

சங்கிலியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வீரபாண்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கர்ணனுக்குப் பாவமாக இருந்தது.

"கவலப்படாதீகக்கா. அடுத்த வாரம் பாஸாயிருவான், அதுக்கு நான் பொறுப்பு. நீங்க மட்டும் அந்த அக்கினிச்சட்டிய மாவிளக்கா மாத்திக்கங்க. கால இந்த லட்சணத்துல வச்சுக்கிட்டு..."

"அதெப்புடி தம்பி? கேட்டதக் குடுத்தவளுக்கு நேந்ததச் செய்யாம ஏமாத்துறதா?"

"குடுத்துட்டாளா? அக்கா, அவன் பெயிலுக்கா!"

சங்கிலியம்மாள் தான் இறங்கி வந்த ஜீப்பை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நான் தெனம் இதுல மலையேறி எறங்குறவ. ஒவ்வொரு வளைவுலயும் உசுரு போயிட்டுப் போயிட்டு வருது. வேணாம்டான்னு சொன்னா அவன் கேப்பானா? அதான் ஆத்தாகிட்டச் சொல்லி வச்சேன், அவன் தோத்துட்டு வார ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சட்டி எடுக்குறேன்னு. அவ ரெண்டு தடவையும் காப்பாத்திக் குடுத்துட்டா. இந்த வருசம் ரெண்டு கையிலயும் சட்டி எடுக்கணும் தம்பி."