வேலை இல்லை என்பதற்கு அத்தாட்சி

"உமக்கு வேலை இல்லை எண்டு உம்மட முதலாளி கடிதம் தரவேணும்" என்றார் அரியநாயகம்.

அருளப்புவுக்கு விளங்கவில்லை. அல்லைப்பிட்டியில் சொந்தத் தோணியில் மீன் பிடித்தவன் அவன். வாடைக்காற்று அந்தத் தோணியைக் கல்லில் அடித்து உடைத்து இரண்டு கிழமையாகிறது. கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கவும் சனங்கள் வரிசையில் நின்ற வருடம் அது. மீனவர் சங்கத்தில் தொழில் இழந்தோருக்கு ஓர் உதவி நிதி இருந்தது. ஐந்து வருடமாக அவனும் அதற்குச் சந்தா கட்டியிருந்தான்.

முன்பெல்லாம் கேட்டவுடன் கொடுத்தார்கள். நாட்டுக்கே கெட்ட காலம் வந்தாலும் நிதி தாக்குப்பிடிக்க வேண்டும் என்று சொல்லி, போன வருடம் விதிகளைத் திருத்தினார்கள். திருத்தி எழுதியவர் சங்கக் காரியதரிசியான அரியநாயகம்தான்.

"முதலாளியும் நான்தானே, ஐயா."

"அப்ப நீரே எழுதும்."

அருளப்பு தன்னை வேலையிலிருந்து நிறுத்தித் தனக்கே ஒரு கடிதம் எழுதினான். அரியநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார். ஆளை நிறுத்துவதென்றால் முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவன் ஒரு மாதம் பொறுத்து வந்தான். அதற்குள் மனைவி மாக்கிறேற் வீட்டிலிருந்த கோழிகளை விற்று முடித்திருந்தாள். இந்தத் தரம் அரியநாயகம் வேறு வேலை தேடியதற்கு அத்தாட்சி கேட்டார். மண்டைதீவு வரை நடந்துபோய், தோணி வைத்திருந்த மூன்று சம்மாட்டிமாரிடம் வேலை கேட்டு, இல்லையென்று எழுதி வாங்கி வந்தான்.

அரியநாயகம் மூன்றாவது கடிதத் துண்டில் விரலை வைத்தார். அந்தச் சம்மாட்டி இரக்கப்பட்டு, 'பிறகு பார்ப்போம்' என்று எழுதியிருந்தார்.

"இது வேலை கிடைச்ச மாதிரித்தான். தர ஏலாது."

அருளப்பு துண்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது நினைவில் வந்தது.

"ஐயா, உங்களுக்கு மாதம் முடியச் சம்பளம் வந்திடும். வேலை இல்லாதவன்ர பாடு உங்களுக்கு எப்பிடி விளங்கும்?"

அரியநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"செலவைக் குறைக்கவேணும் எண்டு சங்கம் என்னை நிப்பாட்டி மூண்டு மாசம், அருளப்பு. நானும் நிதிக்கு எழுதிப் போட்டனான். நாள் தவறாமல் சங்கக் கந்தோருக்கு வாறபடியால் எனக்கு வேலை இருக்காம். தள்ளுபடி செய்தாச்சு."

"ஆர் தள்ளுபடி செய்தது?"

"நான்தான்" என்றார் அரியநாயகம்.