இல்லாத சித்தப்பா

“உங்க பொண்ணு அழகா எழுதறா சார். பொய்யையும் அழகா எழுதறா,” என்று வகுப்பாசிரியை கட்டுரை நோட்டை அப்பாவிடம் நீட்டினார்.

‘எனக்குப் பிடித்தவர், என் சித்தப்பா’ என்று தலைப்பு. அப்பாவின் தம்பியான சித்தப்பா கிரேன் ஓட்டுகிறார். முப்பது மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். கீழே யார் என்ன பேசினாலும் அவருக்குக் கேட்காது.

“நாளைக்கு இதை மேடையில வாசிக்கணும். ஆனா உங்க கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி மட்டும்தான். இதோ, இந்தச் சேர்க்கைப் படிவத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. அவசரத்துக்குக் கூப்பிட அத்தை நம்பரும் கொடுத்திருக்கீங்க.” ஆசிரியை மகளிடம் திரும்பினார். “சித்தப்பாங்கறதை அடிச்சுட்டு வேற யாரையாவது எழுதும்மா.”

“அடிக்க மாட்டேன் மிஸ். மேடையே வேண்டாம்,” என்றாள் எட்டு வயது மகள்.

“திமிரைப் பாருங்க சார். நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தம்பி உண்டா?”

அப்பா படிவத்தில் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்டு,” என்றார். “அந்த நம்பருக்கு இப்பவே போடுங்க, என் தம்பிதான் எடுப்பான். தங்கச்சியா பிறந்தவன். நான் ஆம்பளைன்னு அவன் வீட்டுல சொல்லி நாலு வருஷமாச்சு. வெளியில சொல்ல வெட்கப்பட்டு அத்தைன்னு எழுதினது நான். பொய் என்னுது.”

ஆசிரியை தயங்கினார். “இதை மேடையில எப்படி சார்...”

“வாசிப்பா. ஒரு எழுத்தும் மாறாது.”

மகள் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

“இதைச் சொல்ல உங்களுக்கு நாலு வருஷமாப்பா?” என்றாள்.