பூட்டனின் பெயர்

ஜமீன் கோட்டை, மாவட்ட அருங்காட்சியகமாக மாறிய பிறகும், செத்துப்போன ஜமீன்தார், கணினி காட்டும் ஒளியுருவாக முற்றத்தைப் பார்த்துக் கொலுவிருந்தார். வருகிறவர் எந்த முன்னோர் பெயரில் பதிந்தாரோ, அந்த முன்னோரை அந்தக் காலத்தில் தான் நடத்தியதுபோலவே அவரையும் நடத்துவார். கதவுகளும் அவர் சொல்லுக்குத்தான் கட்டுப்பட்டன.

வாசலில் பெயர் பதிவது மாடத்தியின் வேலை. ஜமீன் வாரிசு விஜயேந்திரன் மாலையும் கையுமாக வந்தபோது, தன் பூட்டன் சுடலைமுத்துவின் பெயரை அவருக்குப் பதிந்து உள்ளே அனுப்பினாள்.

"செருப்பத் தலையில வச்சிக்கிட்டு வெயில்ல நில்லுலே," என்றார் ஜமீன்தார்.

"நான் உங்க வம்சம், தாத்தா."

"எதுத்தா பேசுத?"

முற்றத்துக் கம்பிக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து விஜயேந்திரன் அதை உலுக்கினார். "தொறம்மா, மயக்கமா வருது."

மாடத்தி தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை மூடினாள்.

"அவுக ‘போ’ன்னு சொல்லணும், சார். எங்க பூட்டன் விழுந்த பொறவும் சொல்லல."