‘கீப்’ என்ற சொல்லுக்கு ஐந்து வசனங்கள்

“ரீச்சர், உங்கள் மகன் றூபன் பிறந்தது எத்தனை மணிக்கு?”

வகுப்பு கலைந்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மிசிஸ் லியூ தன் ஆங்கிலத்தில் மெல்ல இப்படிக் கேட்டார். யோகராணியின் கையிலிருந்த டஸ்ரர் பலகையிலேயே நின்றுவிட்டது.

பலகையில் அன்றைய பாடம் இன்னும் அழியவில்லை. ‘கீப்’ என்ற ஒரேயொரு ஆங்கிலச் சொல். சீனத்தில் அதற்கு இடத்துக்கு ஒரு சொல் வேண்டும்; அதனால் கனடாவின் றிச்மண்ட் ஹில்லில் உள்ள அந்தச் சமூகநிலையத்துக்குப் படிக்க வரும் பதினான்கு சீன முதியவர்களும் திணறுவார்கள். யோகராணி பொருள் சொல்ல மாட்டாள். அந்தச் சொல் வரும்படி ஐந்து வசனம் எழுதுவாள்.

றூபன் ஒரு நாய் வளர்க்கிறான். றூபன் பழைய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறான். றூபன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவான். றூபன் குளிக்கும்போது பாடிக்கொண்டே இருப்பான். ஐந்தாவது: கஸ்பர் எப்போதும் என்னைக் காக்க வைக்கிறான்.

நான்கு வருடமாக எந்தச் சொல்லுக்கும் உதாரணமாக வருபவன் றூபன்தான். பிந்தி வருவது, பொய் சொல்வது, கோப்பையைக் கழுவாமல் விடுவது போன்றவற்றுக்கு மட்டும் ஆள் மாறும். மாணவர்களுக்கு றூபனை நன்றாகத் தெரியும். போன புரட்டாதியில் நிலாப் பண்டிகை வந்தபோது, “இது றூபனுக்கு” என்று ஒரு பெட்டி கேக் கொடுத்தார்கள். யோகராணி வாங்கிக்கொண்டாள்.

“ஏன் கேட்கிறீர்கள், மிசிஸ் லியூ?”

மிசிஸ் லியூ பையிலிருந்து ஒரு சிவப்பு உறையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஒரு படம். வட்டக் கண்ணாடி போட்ட பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

“என் மகள், மெய்லிங். பிறந்த நாளும் நேரமும் பின்னால் எழுதியிருக்கிறேன். உங்கள் மகன் நல்லவன். வியாழக்கிழமை பதில் சொல்லுங்கள்.”

அவர் போனதும், முன்மேசையில் வேலை பார்க்கும் அன்ரனெற் உள்ளே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். ஆனாலும் சமூகநிலையத்தில் அவள் காதுக்குத் தப்பிய கதை இல்லை.

“என்ன ரீச்சர், திரும்பவும் என்ரை மனுசனையே இழுத்து எழுதியிருக்கிறியள்? உங்கடை மகன் ஒருநாளும் பிந்தி வாறேல்லையோ?”

“உன்ரை கஸ்பர் கோவிக்கமாட்டார், விடு.”

“அது கிடக்கட்டும். சம்பந்தம் வந்திருக்குப் போலை! எங்கடை சனம் மாதிரியே குறிப்பும் கேக்கினம், என்ன?” அன்ரனெற் உறையை எட்டிப் பார்த்தாள். “ஆனா ஒண்டு ரீச்சர், பொடியன் என்ன வேலை எண்டு கேக்கேல்லை. ஸ்ரௌவ்விலிலை வீடு வாங்கிட்டானோ எண்டும் கேக்கேல்லை. எங்கடை ஆக்களெண்டால் முதல் அதெல்லோ கேப்பினம். கண்ணை மூடிக்கொண்டு ஓம் எண்டு சொல்லுங்கோ!”

“அவனைக் கேக்கவேணும், பிள்ளை.”

“அதுவும் சரிதான். இந்தக் காலத்துப் பொடியளுக்கு முதல் பொம்பிளையைப் பிடிக்கவேணும்.”

யோகராணி பலகையைத் துடைத்தாள். நாலு வசனத்தில் இருந்த ஒரு பெயரை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, பிறகு அதையும் துடைத்தாள்.

அடுத்த நாள் முழுக்க வீட்டு மேசையில் கொப்பியோடு இருந்தாள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். எந்தச் சொல்லுக்கும் நொடியில் வசனம் எழுதத் தெரிந்தவள். ஒரேயொரு வசனம் மட்டும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

எழுதினால், வியாழக்கிழமைக்குப் பிறகு றூபன் அந்தப் பலகைக்கு வரமாட்டான். நாயும் கடிதமும் பாட்டும் அவனோடு போய்விடும். எழுதாவிட்டால், பெண்ணைப் பெற்ற ஒருத்தி இல்லாத பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். அது அதைவிடப் பாவம்.

வியாழக்கிழமை அரை மணித்தியாலம் முந்தியே போனாள். மிசிஸ் லியூ அதற்கும் முந்தி வந்து, ஹீற்றரை ஒட்டிய தன் வழமையான கதிரையில் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வேறு ஒருவரும் இல்லை.

யோகராணி சிவப்பு உறையை அவர் முன்னால் வைத்தாள்.

“மிசிஸ் லியூ, என்னை மன்னியுங்கள். நான் உங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன்.”

ஹீற்றர் ஒருமுறை முனகி ஓய்ந்தது.

“றூபன் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, எங்கள் ஊரில் போர் முடிய ஒரு கிழமை இருக்கும்போது செல் குண்டு விழுந்தது. இருபத்துநாலு வயது. என் கையால்தான் மண் போட்டேன்.”

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் பலகைப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. அங்கே யாரோ சோக்குக் கட்டியை வைத்துவிட்டுப் போவது போல இருந்தது. மிசிஸ் லியூ அழுவார், இல்லாவிட்டால் கோபித்து எழுந்து போவார் என்று காத்து நின்றாள்.

மிசிஸ் லியூ திடுக்கிடவே இல்லை. உறையை எடுத்து, யோகராணியின் கைக்குள் திரும்ப வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.

“எனக்குத் தெரியும், ரீச்சர். எங்கள் ஊரில் இறந்துபோன பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வைப்போம். என் மகளும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள்.”