முல்லையிடம் மட்டும்

"ஒங்க மகன் போன்ல யாருகூட விளையாடுறான்னு தெரியுமா மதினி?"

அருப்புக்கோட்டை கல்யாண வீட்டில் நாத்தனார் கேட்ட அந்தக் கேள்வி நர்கிஸை உலுக்கிவிட்டது. தேடி அலைந்து, பிள்ளைகளுக்கென்றே நடக்கும் ஒரு ஆன்லைன் விளையாட்டுக் குழுவில் அனீஸைச் சேர்த்தாள். அங்கே குரலில் பேச முடியாது; எழுதத்தான் முடியும். நிஜப் பெயர் சொல்லக் கூடாது. பெற்றவர்களும் சேரலாம்.

இப்போது அனீஸ் வாயைத் திறந்தால் அந்தக் குழுவில் பழக்கமான முல்லை பேச்சுதான்.

"கணக்குல ஃபெயிலானா பரவால்ல, அடுத்து பாத்துக்கலாம்னு முல்லை சொன்னாகம்மா."

"அத ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கத்துவீக. அவுக கத்த மாட்டாக."

நர்கிஸுக்கு வயிறு எரிந்தது. "பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மூஞ்சி தெரியாத முல்லை ஒசத்தியாப் போயிட்டாளாக்கும்?"

"சவுதில இருக்க வாப்பாவ நெனச்சு அழுதேன்ல, அதக்கூட அவுககிட்டத்தான் சொன்னேன்."

அவன் விருட்டென்று மாடிக்குப் போய்விட்டான். நர்கிஸ் அடுப்படிக்குள் நுழைந்து தன் போனைத் திறந்தாள். மகனின் செய்தி வந்து கிடந்தது.

"முல்லை, எங்கம்மா ஒங்களத் திட்டுறாக. அதுக்காக நீங்க போயிராதீங்க."

நர்கிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, முல்லை அந்தக் குழுவை விட்டு வெளியேறினாள்.