எலிமுழுங்கிச் செடி

"இந்தக் கட்டுரையை எழுதினது யாரு?"

வாரப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார், ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை.

"நான்தான் மேடம்," என்று எழுந்தார் நிருபர். பக்கத்து மேஜையில் எடிட்டர். கட்டுரையில் ஒரு பொய் அகப்பட்டால் போதும், அன்றைக்கே வேலை காலி.

"எலிமுழுங்கிச் செடி வறுத்த கடலை வாசனை விட்டு எலியை வரவழைக்குமா?"

"ஆமா மேடம். மூக்கைத் துளைக்கும்!"

"எலியைச் செரிச்சிட்டு மூணாம் நாள் வாலை மட்டும் துப்பிடுமா?"

"துப்பிடும். வால்னாலே அதுக்கு ஆகாது."

"ஏதாவது புஸ்தகத்தைப் பாத்து எழுதினீங்களா தம்பி?"

எடிட்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"சேச்சே! காட்டுல கூடாரம் போட்டு, ஒரு வாரம் அது பக்கத்துலயே கிடந்தேன். கொசு என்னைப் பிடுங்கித் தின்னுடுச்சு."

"ஏம்மா, தப்பு ஏதாவது இருக்கா?" என்றார் எடிட்டர்.

"ஒரு வரிகூடத் தப்பில்லை."

எடிட்டர் மகிழ்ந்துபோய், டீ சொல்லத் தானே எழுந்து போனார். பேராசிரியை நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"என் புஸ்தகத்தை யாரு காப்பியடிக்கறாங்கன்னு கண்டுபிடிக்க, முப்பது வருஷம் முன்னாடி நானே இட்டுக்கட்டின செடி அது."

நிருபர் எடிட்டர் போன வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். புதுப் பதிப்பு வருது. நீங்கதான் ஒரு வாரம் கூடவே இருந்தவராச்சே..." பேராசிரியை பேனாவைத் திறந்தார். "அது பூக்குமா தம்பி? எனக்கு அதுக்கு மேல கற்பனை ஓடலை."